65,610: ஒரு பெரிய எண்ணை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்ப்பதற்கான முழுமையான வழிகாட்டி

இலங்கையின் மொத்தப் பரப்பளவு 65,610 சதுர கிலோமீற்றர் என்பதைக் கொழும்பில் படிக்கும் எந்தப் பிள்ளையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடும். புவியியல் பாடத்தில் மனனமாகிவிடும் இந்த எண்ணைக் கணித பாடத்தில் யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை என்பது எனக்கு நெடுநாளாக இருந்துவரும் மனக்குறை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாலை வகுப்புகளுக்குப் போகும் மாணவர்கள் காரணி, வலு, வர்க்கமூலம், மடக்கை என்று தனித்தனி அலகுகளாகப் படிப்பவை யாவும் இந்த ஒரே எண்ணுக்குள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அவற்றை எந்த ஒழுங்கில் அவிழ்ப்பது என்பதே இவ்வழிகாட்டியின் பொருள். முதன்மைக் காரணிகளை ஒருமுறை பிழையின்றிக் கண்டுவிட்டால், அந்த எண் எந்த வகையைச் சேர்ந்தது என்ற கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு மேலும் வகுத்துப் பார்க்காமலேயே விடை சொல்லலாம் என்பதைப் படிப்படியாகக் காட்ட விரும்புகிறேன். கணிப்பான் தேவையில்லை, ஒரு கொப்பியும் பேனையும் போதும்.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கீழே வரும் பண்புகள் அனைத்தும் எண்ணுக்கு உரியவை, தீவுக்கு உரியவை அல்ல. இதே பரப்பளவைச் சதுர மைல்களில் கூறினால் ஏறத்தாழ 25,332 என்று வரும். அதன் காரணியாக்கம் 2² × 3 × 2,111. இரண்டு எண்களுக்கும் இடையில் கணித உறவு எதுவும் இல்லை. அலகை மாற்றினால் எண் மாறும், எண் மாறினால் குணமும் மாறும். எனவே இந்த எண்ணின் அழகை நாட்டின் இராசியாகக் கொள்ளாமல், நாம் எல்லோரும் ஏற்கெனவே மனதில் வைத்திருக்கும் ஒரு நல்ல உதாரணமாக மட்டும் கொள்வோம்.

முதலாம் படி: வகுக்காமலே அறியக்கூடியவை

எண்ணை எழுதி அதன் இலக்கங்களைப் பாருங்கள். கடைசி இலக்கம் 0 ஆகையால் 2 ஆலும் 5 ஆலும் வகுபடும். கடைசி இரு இலக்கங்கள் 10 ஆகையால் 4 ஆலும் 25 ஆலும் வகுபடாது. ஆகவே முதன்மைக் காரணிகளுள் 2 ஒரேயொரு தடவையும் 5 ஒரேயொரு தடவையும் மட்டுமே வரும் என்பது இப்போதே முடிவாகிவிட்டது. இலக்கங்களைக் கூட்டினால் 6 + 5 + 6 + 1 + 0 = 18; மீண்டும் கூட்டினால் இலக்கச் சுட்டி 9. எனவே 9 ஆல் வகுபடும், அதாவது 3 குறைந்தது இரண்டு தடவையாவது வரும். வலப்பக்கத்திலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டியும் கழித்தும் பார்த்தால் 0 − 1 + 6 − 5 + 6 = 6 கிடைக்கிறது; ஆகவே 11 ஆல் வகுக்கும்போது மீதி 6.

இரண்டாம் படி: முதன்மைக் காரணியாக்கம்

பத்தை வெளியே எடுத்தால் எஞ்சுவது 6,561. இதை மூன்றால் தொடர்ந்து வகுத்துக்கொண்டு போனால் 2,187, 729, 243, 81, 27, 9, 3, 1 என்று இறங்கி, எட்டாவது தடவையில் ஒன்றை அடைகிறோம். இந்த நீண்ட ஏணியில் மாணவர்கள் ஒரு படியைத் தவறவிட்டு 3⁷ என்று எழுதிவிடுவது வழக்கமாக நடப்பதால், இன்னொரு வழியிலும் சரிபார்ப்பது நல்லது: 80² = 6,400, அதனுடன் 160 உம் 1 உம் கூட்டினால் 81² = 6,561; 81 என்பது 3⁴; ஆகவே 6,561 = 3⁸. இவ்வாறு நமக்குக் கிடைப்பது:

65,610 = 2 × 3⁸ × 5

எந்த முழுவெண்ணையும் முதன்மை எண்களின் பெருக்கமாக ஒரேயொரு விதத்தில் மட்டுமே எழுத முடியும் என்பதைக் கவுஸ் 1801 இல் வெளியிட்ட தமது நூலில் தெளிவாக எடுத்துரைத்து நிறுவினார். அந்த ஒருமைத்தன்மை இல்லாவிட்டால் இனி வரும் படிகள் எதற்கும் அடித்தளமே இருக்காது.

இந்தக் காரணியாக்கம் எவ்வளவு இலகுவாக வந்தது என்பதை உணர வேண்டுமானால் பக்கத்து எண்ணை எடுத்துப் பாருங்கள். 65,609 ஒரு முதன்மை எண். அதைக் கையால் நிறுவுவதற்கு, அதன் வர்க்கமூலமான சுமார் 256 வரையுள்ள 54 முதன்மை எண்களாலும் ஒவ்வொன்றாக வகுத்து, ஒவ்வொரு தடவையும் மீதி வருவதைக் காட்ட வேண்டும். மறுபக்கத்தில் 65,611 = 7² × 13 × 103. ஒன்றைக் கூட்டினாலோ கழித்தாலோ பெருக்கல் அமைப்பு அடியோடு மாறிவிடுகிறது. அடுத்தடுத்த இரு எண்களுக்கு 1 ஐத் தவிர வேறு பொதுக் காரணியே கிடையாது.

மூன்றாம் படி: காரணிகள் அனைத்தையும் வரிசைப்படுத்தல்

ஒவ்வொரு சுட்டியுடனும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் காரணிகளின் எண்ணிக்கை கிடைக்கும்: (1+1) × (8+1) × (1+1) = 36. காரணம் எளிது. ஒரு காரணியை உருவாக்கும்போது 2 ஐச் சேர்ப்பதா விடுவதா என்று இரண்டு தெரிவுகளும், 5 க்கு அதேபோல இரண்டும், 3 ஐ எத்தனை தடவை சேர்ப்பது என்பதற்குப் பூச்சியத்திலிருந்து எட்டு வரை ஒன்பது தெரிவுகளும் உள்ளன. அந்தத் தெரிவுகளை அப்படியே அட்டவணையாக்கினால் காரணிகள் எவையும் தவறாது:

1, 2, 5, 10
3, 6, 15, 30
9, 18, 45, 90
27, 54, 135, 270
81, 162, 405, 810
243, 486, 1,215, 2,430
729, 1,458, 3,645, 7,290
2,187, 4,374, 10,935, 21,870
6,561, 13,122, 32,805, 65,610

ஒவ்வொரு வரியும் அதற்கு மேலுள்ள வரியின் மூன்று மடங்கு. இந்த அட்டவணையைக் கொப்பியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த படிகளுக்கு அது தேவைப்படும். பெருக்கினால் 65,610 தரும் சோடிகள் 18 உள்ளன. அவற்றுள் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமானது 243 × 270.

காரணிகள் 36 என்பது கணிசமான தொகைதான், எனினும் இந்த அளவிலான எண்ணுக்கு அது உச்சம் அல்ல. 36 காரணிகள் உள்ள மிகச் சிறிய எண் 1,260. தமக்குச் சிறிய எல்லா எண்களையும்விடக் கூடுதலான காரணிகளைக் கொண்ட எண்களை இராமானுஜன் 1915 இல் விரிவாக ஆராய்ந்தார். அத்தகைய எண்களுள் 65,610 ஐத் தாண்டாத மிகப் பெரியது 55,440. அதற்கு 120 காரணிகள் உள்ளன. நமது எண் ஏன் பின்தங்குகிறது என்பது அதன் காரணியாக்கத்திலேயே தெரிகிறது: 3 என்ற ஒரே முதன்மை எண்ணை எட்டுத் தடவை அடுக்கியிருக்கிறதே தவிர, 7, 11 போன்ற புதிய முதன்மை எண்கள் எதையும் சேர்க்கவில்லை.

நான்காம் படி: காரணிகளின் கூட்டுத்தொகையும் மிகை, குறை வகைப்பாடும்

மேலுள்ள அட்டவணையின் முதல் வரியைக் கூட்டினால் 18. அடுத்த வரி 18 × 3, அதற்கடுத்தது 18 × 9, இவ்வாறே சென்று கடைசி வரி 18 × 6,561. எனவே மொத்தம் 18 × (1 + 3 + 9 + … + 6,561) = 18 × 9,841 = 1,77,138 என்று இந்திய முறையில் எழுதுவார்கள்; நாம் இங்கு எழுதும் முறையில் 177,138. இதிலிருந்து எண்ணைக் கழித்துவிட்டால், தன்னைத் தவிர்ந்த காரணிகளின் கூட்டுத்தொகை 111,528. இது எண்ணைவிடப் பெரிது. ஆகவே 65,610 ஒரு மிகையெண். அக்கூட்டுத்தொகை எண்ணுக்குச் சமமாக இருந்திருந்தால் அது 6, 28, 496 போன்ற செவ்விய எண்களின் வகையையும், சிறிதாக இருந்திருந்தால் குறையெண்களின் வகையையும் சேர்ந்திருக்கும்.

இந்த முடிவுக்குக் கூட்டிப் பார்க்காமலும் வரலாம். 6 ஒரு செவ்விய எண். ஆறைவிடப் பெரிய அதன் மடங்குகள் அனைத்தும் மிகையெண்களே. 65,610 = 6 × 10,935 என்பதைக் கண்டவுடனேயே விடயம் முடிந்தது. அதோடு, தன் காரணிகளுள் சிலவற்றை மட்டும் தெரிந்தெடுத்துக் கூட்டி எண்ணையே மீளப் பெறவும் முடிகிறது: அரைவாசி 32,805, மூன்றிலொரு பங்கு 21,870, ஆறிலொரு பங்கு 10,935, மூன்றையும் கூட்டினால் சரியாக 65,610.

எனக்கு மிகவும் பிடித்த அவதானிப்பு ஒன்று இந்தப் படியில் உண்டு. காரணிகளின் மொத்தக் கூட்டுத்தொகையை எண்ணால் வகுத்தால் 2.7 க்கு மிக அண்மையான விடை வருகிறது. 65,610 இன் 2.7 மடங்கு 177,147, அதாவது 3¹¹. நமது கூட்டுத்தொகையோ 177,138, வெறும் 9 குறைவு. இது தற்செயல் அல்ல. 2 இன் பங்களிப்பு 3/2, 5 இன் பங்களிப்பு 6/5, இரண்டினதும் பெருக்கம் 9/5. மூன்றின் வலு கூடக்கூட அதன் பங்களிப்பு 3/2 ஐ நெருங்கிக்கொண்டே போகும், ஆனால் ஒருபோதும் தொடாது. 9/5 ஐ 3/2 ஆல் பெருக்கினால் 2.7. சுட்டி எட்டை எண்பதாக்கினாலும் அந்த எல்லையைக் கடக்க முடியாது.

ஐந்தாம் படி: வர்க்கமும் கனமும்

நிறைவர்க்கமாக இருப்பதற்கு எல்லாச் சுட்டிகளும் இரட்டையாக இருக்க வேண்டும். இங்கே சுட்டிகள் 1, 8, 1; ஆகவே இது நிறைவர்க்கம் அல்ல. 10 ஆல் பெருக்கினால் 656,100 = 810² ஆகிவிடும். கனமாக்குவதற்கு 2² × 3 × 5² = 300 ஆல் பெருக்க வேண்டும்; அப்போது 19,683,000 = 270³. சாதாரண தர மாணவர்களுக்குக் கொடுக்கத்தக்க அருமையான பயிற்சி இது.

வர்க்கமூலம் 81√10, ஏறத்தாழ 256.14. மடக்கை அட்டவணையில் பழகுபவர்கள் இங்கே ஒன்றைச் சோதித்துப் பார்க்கலாம். நான்கு தசமதான அட்டவணையில் 65,610 இன் மடக்கை 4.8170. ஆனால் 3 இன் மடக்கையான 0.4771 ஐ எட்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 4.8168 வருகிறது. இரண்டுமே ஒழுங்கான வழிகள்தான். முழுமையாக்கலால் ஏற்பட்ட மிகச் சிறிய விலகல் எட்டு மடங்காகப் பெருகியதே இந்த வித்தியாசத்துக்குக் காரணம். உயர் வலுக்களை மடக்கையால் கணிக்கும்போது கடைசி இலக்கத்தை முழுமையாக நம்பக் கூடாது என்பதற்கு இதைவிடக் கையடக்கமான உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

ஆறாம் படி: இரு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதுதல்

இந்தப் படியில் நிதானமாக நின்று போக வேண்டும். 10 = 9 + 1 என்பதால் 65,610 = 3⁸ × (9 + 1) = 3¹⁰ + 3⁸. அதாவது:

65,610 = 59,049 + 6,561 = 243² + 81²

இரு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுத முடிகின்ற எண்கள் எவை என்ற கேள்வி மிகப் பழையது. நான்கால் வகுக்க மீதி 1 வரும் ஒவ்வொரு முதன்மை எண்ணும் அவ்வாறு அமையும் என்று ஃபேர்மா 1640 டிசம்பர் 25 ஆம் திகதியிட்ட கடிதத்தில் மெர்சேனுக்கு எழுதினார். அதற்கு நிறுவல் வழங்கியவர் பின்னாளில் வந்த ஒயிலர். பொது விதி இதுதான்: நான்கால் வகுக்க மீதி 3 வரும் முதன்மைக் காரணிகள் ஒவ்வொன்றும் இரட்டைச் சுட்டியுடன் வந்தால் மட்டுமே எண்ணை இரு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுத முடியும். நமது எண்ணில் அத்தகைய காரணி 3 மட்டுமே. அதன் சுட்டி 8, இரட்டை. எனவே நிபந்தனை நிறைவேறுகிறது. இரண்டாம் படியில் ஒரு வகுத்தலைத் தவறவிட்டு 3⁷ என்று எழுதியவர் இங்கே “முடியாது” என்ற நேர்மாறான விடையைப் பெற்றிருப்பார்.

வேறு விதமாகவும் எழுத முடியுமா? முடியாது, அதை எட்டாந் தர மாணவரும் விளங்கிக்கொள்ளும் விதத்தில் காட்டலாம். ஒரு வர்க்கத்தை மூன்றால் வகுத்தால் மீதி 0 அல்லது 1 மட்டுமே வரும். இரு வர்க்கங்களின் கூட்டுத்தொகை மூன்றால் வகுபட வேண்டுமாயின் இரண்டினதும் மீதி 0 ஆகவே இருக்க வேண்டும்; ஆகவே அவ்விரு எண்களுமே மூன்றின் மடங்குகள். இரண்டையும் மூன்றால் வகுத்தால் வர்க்கங்களின் கூட்டுத்தொகை ஒன்பதிலொரு பங்காகக் குறையும். இந்த வாதத்தை நான்கு தடவை திரும்பச் செய்தால் 3⁸ முழுவதும் நீங்கி, எஞ்சுவது 10. அதை 1 + 9 என்றல்லாமல் வேறு எந்த இரு வர்க்கங்களாலும் ஆக்க முடியாது. எனவே 243 உம் 81 உம் மட்டுமே விடை.

இதே சோடியிலிருந்து பைதகரஸ் மும்மை ஒன்றும் பிறக்கிறது. வர்க்கங்களின் வித்தியாசம் 59,049 − 6,561 = 52,488; இரண்டினதும் பெருக்கத்தின் இருமடங்கு 2 × 243 × 81 = 39,366. இவ்விரண்டையும் பக்கங்களாகக் கொண்ட செங்கோண முக்கோணியின் செம்பக்கம் 65,610. 13,122 ஆல் சுருக்கினால் அது நமக்குப் பழக்கமான 3, 4, 5 முக்கோணியே.

இதற்கு மாறாக, இரு வர்க்கங்களின் வித்தியாசமாக 65,610 ஐ ஒருபோதும் எழுத முடியாது. வர்க்கங்களை நான்கால் வகுத்தால் மீதி 0 அல்லது 1 ஆகையால் வித்தியாசத்தின் மீதி 2 ஆக வர வழியில்லை. நமது எண்ணின் மீதியோ சரியாக 2. கூட்டலுக்கு இடம்கொடுத்த எண் கழித்தலுக்கு இடம்கொடுக்கவில்லை.

ஏழாம் படி: பொதுக் காரணி இல்லாத எண்கள்

1 முதல் 65,610 வரையுள்ள எண்களுள், 65,610 உடன் 1 ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாதவை எத்தனை? 2, 3, 5 ஆகிய மூன்றாலும் வகுபடாத எண்களையே தேடுகிறோம். 30 எண்கள் கொண்ட ஒரு தொகுதியில் அவை எட்டு: 1, 7, 11, 13, 17, 19, 23, 29. அத்தகைய தொகுதிகள் 65,610 ÷ 30 = 2,187. ஆகவே விடை 2,187 × 8 = 17,496. 65,610 ஐப் பகுதியாகக் கொண்டு மேலும் சுருக்க முடியாதபடி எழுதத்தக்க முறைமைப் பின்னங்களின் எண்ணிக்கையும் இதுவே.

எட்டாம் படி: வேறு அடிகளில் எழுதுதல்

மூன்றை அடியாகக் கொண்டால் 3¹⁰ + 3⁸ என்பது அப்படியே 10100000000 ஆகிறது. துவித முறையில் 65,536 + 64 + 8 + 2 என்று பிரிந்து 10000000001001010 ஆகிறது, மொத்தம் 17 இலக்கங்கள். 2¹⁶ ஐ இந்த எண் 74 ஆல் தாண்டிவிட்டதால் 16 பிற்றுகளுக்குள் இதை அடக்க முடியாது. எக்செல் 2003 வரையான பதிப்புகளில் ஒரு தாளில் 65,536 வரிகளே இருந்தன. 65,610 வரிகள் கொண்ட தரவை அதில் திறந்தால் கடைசி 74 வரிகளுக்கு இடமிருக்காது.

அறுபதை அடியாகக் கொண்ட பாபிலோனிய முறையில் இது 18, 13, 30. அதாவது 65,610 செக்கன்கள் 18 மணித்தியாலம் 13 நிமிடம் 30 செக்கன். 2, 3, 5 ஆகியவற்றைத் தவிர வேறு முதன்மைக் காரணி இல்லாததால், அம்முறையில் இதன் தலைகீழ் எட்டுத் தானங்களில் முடிந்துவிடும். நமது பத்தடி முறையிலோ 1/65,610 முடிவதில்லை: 0.0000152415… என்று தொடங்கி, முதல் தசம தானத்துக்குப் பின்னர் 729 இலக்கங்கள் கொண்ட தொடர் ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. அந்த 729 என்பது 3⁶. மூன்றின் வலு இங்கேயும் தலைகாட்டுகிறது.

ஒன்பதாம் படி: இலக்கங்களைச் சார்ந்த வகைப்பாடுகள்

தன் இலக்கங்களின் கூட்டுத்தொகையால் வகுபடும் எண்களுக்கு ஹர்ஷத் எண்கள் என்று பெயரிட்டவர் மகாராஷ்டிராவின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த காப்ரேகர். 65,610 ÷ 18 = 3,645; எனவே நமது எண்ணும் அவ்வகையே. ஆயினும் இத்தகைய பண்புகளை முன்னைய படிகளில் கண்டவற்றுக்குச் சமமாக நான் வைப்பதில்லை. மூன்றடி முறையில் இலக்கங்களின் கூட்டுத்தொகை 2, அதனால் எண் வகுபடுகிறது. துவித முறையிலோ கூட்டுத்தொகை 4, அதனால் வகுபடவில்லை. எழுதும் முறையை மாற்றியதும் இந்தப் பண்பு போய்விடுகிறது. மிகையெண்ணாக இருப்பதும், 243² + 81² ஆக இருப்பதும் எந்த அடியில் எழுதினாலும் மாறாது.

பத்தாம் படி: இதே முறையை இன்னோர் எண்ணில் பிரயோகித்தல்

உள்நாட்டு நீர்ப்பரப்பான 2,905 சதுர கிலோமீற்றரைக் கழித்தால் நிலப்பரப்பு 62,705. அதே ஒழுங்கில் போங்கள். கடைசி இலக்கம் 5, ஆகவே 62,705 = 5 × 12,541. இலக்கங்களின் கூட்டுத்தொகை 20, எனவே 3 ஆல் வகுபடாது. இங்கேதான் உழைப்புத் தொடங்குகிறது: 12,541 இன் வர்க்கமூலம் 112 க்குச் சற்றுக் குறைவு, அதுவரை 29 முதன்மை எண்கள் உள்ளன, அவற்றுள் எதனாலும் அது வகுபடவில்லை. ஆகவே 12,541 முதன்மை எண். 62,705 க்குக் காரணிகள் நான்கு மட்டுமே. தன்னைத் தவிர்ந்தவற்றின் கூட்டுத்தொகை 1 + 5 + 12,541 = 12,547; எனவே அது ஒரு குறையெண். 5, 12,541 ஆகிய இரண்டுமே நான்கால் வகுக்க மீதி 1 தருவதால், 62,705 ஐ இரு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுத முடியும். அதுவும் இம்முறை இரண்டு வெவ்வேறு விதங்களில். அவ்விரண்டையும் தேடிக் கண்டுபிடிப்பதற்கு 250 வரையுள்ள எண்களின் வர்க்கங்களை எழுதிவைத்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும்.